ஒரு மாதம் கழித்து மறுபடியும் போங்கள்: நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திட்ட அலுவலர்களுக்கும் மாணவத் தொண்டர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு கலைக் கல்லூரியில் பதினோரு வருடம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் திட்ட அலுவலராக, அதாவது பி.ஓ.வாக இருந்தவன். அந்தப் பதினோரு வருடத்தில் எத்தனை உலக தினங்கள் நடத்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மார்ச் 22 தண்ணீர், அக்டோபர் 15 கைகழுவுதல், 16 உணவு, 17 வறுமை ஒழிப்பு, நவம்பர் 19 கழிப்பறை. 2015-ல் ஐ.நா. சபை 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்ட பிறகு அவற்றுக்கென்று தனியாகக் கருத்தரங்கம், வினாடி வினா, ரங்கோலி. சுற்றறிக்கை வரும். ஃபிளெக்ஸ் அடிப்போம். பிள்ளைகள் ராத்திரி உட்கார்ந்து தட்டி எழுதுவார்கள். ஊர்வலம் போவோம், உறுதிமொழி எடுப்போம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவோம், தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம்.

அப்படி ஓர் அக்டோபர் 15-தான் இந்த மடலை எழுத வைத்தது.

ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. நாற்பது மாணவர்களோடு போயிருந்தோம். பிளாஸ்டிக் பேசின், மக், சோப்புத் திரவம், இரண்டு குடம் தண்ணீர் எல்லாம் நாங்களே கொண்டு போனோம். எங்கள் பிள்ளைகள் பாட்டுப் பாடி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்கள். குழந்தைகள் அவ்வளவு உற்சாகமாகத் திருப்பிச் செய்தார்கள். உண்மையிலேயே நல்ல நிகழ்ச்சி. முடிந்து வேனில் ஏறும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "சார், நீங்க பைப்பு ரிப்பேர் பண்ண வந்தவங்கதானே?" என்று கேட்டாள்.

பள்ளிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். வரிசையாக ஆறு குழாய். ஒன்றைத் திருகினால் காற்று வருகிறது. மே மாதத்திலிருந்து மோட்டார் ஓடவில்லை. சாப்பிடும் முன்னால் கை கழுவ, வீட்டிலிருந்து கொண்டுவரும் குடிதண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வார்களாம். "தலைமையாசிரியர்கிட்ட சொல்றேம்மா" என்றேன். சொல்லவும் செய்தேன். அப்புறம் கிளம்பி வந்துவிட்டோம். அறிக்கையில் இருபத்து மூன்று புகைப்படங்கள் வைத்தோம். அந்த ஆறு குழாய்களின் படம் அதில் இல்லை.

அடுத்த வருடமும் அதே பள்ளி எங்கள் பட்டியலில் வந்தது. போனேன். அதே ஆறு குழாய், அதே காற்று. பள்ளி ஊராட்சியைக் கை காட்டியது, ஊராட்சி பள்ளியைக் கை காட்டியது. எங்கள் கல்லூரி எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்ப் பார்த்தால், மோட்டாரில் கண்டென்சர் போயிருக்கிறது. சில நூறு ரூபாய்ச் சாமான். அன்று சாயங்காலமே தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் இருப்பாள் என்று தேடினேன். குடும்பத்தோடு வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள்.

தோழர்களே, அந்த ஒரு வருடத்தை நான் இன்றுவரை கணக்கில் வைத்திருக்கிறேன். நாங்கள் நவம்பர் மாதம் ஒரே ஒரு தடவை திரும்பிப் போயிருந்தால் அது நடந்திருக்காது. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் நவம்பரில் வேறு தினம் இருந்தது.

குறை உங்கள் மனதில் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. நம்மிடம் கேட்கப்படுவது அப்படி. தேதி, இடம், கலந்துகொண்டோர் எண்ணிக்கை, ஜியோ டேக் போட்ட புகைப்படம், பத்திரிகைச் செய்தியின் நகல். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வரும்போது கோப்பில் இவை இருக்க வேண்டும். வந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. கட்டம் இல்லாத வேலையை யார் செய்வார்கள்?

அந்தக் கட்டத்தைப் போட்டுப் பார்த்த ஓர் இயக்கம் உண்டு. அதைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். என் பதினோரு வருடத்தில் யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா என்று நான் ஏங்கிய விஷயம் இது.

வங்கதேசம். எழுபதுகளின் கடைசி. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து என்னவோ தெரிந்ததுதான்: உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீர். 1971 போரின்போது வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நேரத்தில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகவே கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றியிருந்தார். ஆனால் அது முகாமில். ஆஸ்பத்திரியே எட்டாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு அதை யார் கொண்டு போவது?

ஃபஸ்லே ஹசன் ஆபேத் 1972-ல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980-ல் அதைக் கையில் எடுத்தது. பாக்கெட் கிடையாது, கடைக்குப் போக வேண்டாம். மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். உப்பும் வெல்லமும் எந்த ஏழை வீட்டிலும் இருக்கும். இளம் பெண்கள் குழுக்களாகக் கிராமத்துக்குக் கிராமம் போனார்கள். கூட்டம் போடவில்லை, மேடை போடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தாயோடு தரையில் உட்கார்ந்து, அவள் கையாலேயே கலக்க வைத்து, நினைவில் நிற்க வேண்டிய சில குறிப்புகளைத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள்.

நான் சொல்ல வந்த இடம் இனிமேல்தான். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வேறொருவர் அதே கிராமத்துக்கு வருவார். சொல்லிக்கொடுத்த வீடுகளில் சிலவற்றைத் தானே பொறுக்கி எடுத்து, அந்தத் தாயைக் கேட்பார். என்ன ஞாபகம் இருக்கிறது? எப்போது கொடுக்க வேண்டும்? இப்போது கலந்து காட்டுங்கள். கலந்த கரைசலைப் பரிசோதனைக்குக்கூட எடுத்துப் போனார்கள், உப்பின் அளவு சரியா என்று பார்க்க. அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருந்ததோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம். எத்தனை வீடு ஏறி இறங்கினாள் என்பதை வைத்துப் பணம் இல்லை.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாங்கள் நடத்திய ஊர்வலங்களில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களிடம், ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? தட்டியில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் மாணவர்களுக்காவது நினைவிருந்திருக்குமா?

திரும்பிப் போனதால் பிராக் ஆட்களுக்கு இன்னொன்றும் தெரியவந்தது. தாய்மார்கள் பாடத்தைச் சரியாக ஒப்பிக்கிறார்கள்; ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது கரைசலைக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று தேடினால், சொல்லிக்கொடுத்த பெண்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை, ஊராருக்கு உப்புத் தண்ணீர். வீட்டு ஆண்களிடமோ யாரும் பேசவே இல்லை. இந்த உப்பு வெல்லத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டால் பெண்ணால் மறுத்துப் பேச முடியவில்லை. பிராக் தன் முறையை மாற்றிக்கொண்டது. முதலில் ஊழியர்களுக்கு, உடம்பில் அந்தக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று ஆதியோடந்தமாகப் பாடம். பிறகு சந்தை, மசூதி, பள்ளிக்கூடம் என்று ஆண்கள் கூடுகிற இடங்களிலும் பேச்சு. 1990-ல் முடிக்கும்போது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிருந்தார்கள்.

அதே வங்கதேசத்திலேயே திரும்பிப் பார்க்காததன் விலையும் இருக்கிறது. குளத்துத் தண்ணீரால் குழந்தைகள் சாகிறார்கள் என்று, எழுபதுகளிலிருந்து யுனிசெஃபும் அரசும் அடிகுழாய்த் தண்ணீரைக் குடிக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தார்கள். நல்ல எண்ணம், நல்ல பலனும் கிடைத்தது. மக்கள் கேட்டார்கள், லட்சக்கணக்கில் குழாய் இறக்கினார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. 1993-ல்தான் உறுதியாகத் தெரிந்தது. அதற்குள் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துப் புள்ளி விழுந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பிறகு லட்சக்கணக்கான குழாய்களைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று சாயம் அடித்தார்கள். சில வருடத்தில் சாயம் மங்கிப்போனது. புதிதாக இறக்கிய குழாய்கள் பலவற்றை யாரும் சோதிக்கவே இல்லை. பிரச்சாரம் வென்றுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்க எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

வங்கதேசத்துக்கு எதற்குப் போகிறீர்கள், நம்மூரில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் நானும் ஒரு துளியாக இருந்தேன்.

யுனெஸ்கோ முன்னின்று, 1990-ஐ உலகம் சர்வதேச எழுத்தறிவு ஆண்டாகக் கொண்டாடியது. அந்த அலையில்தான் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் நம் மாவட்டங்களுக்கு வந்தது. புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கியபோது நான் கல்லூரி முதலாண்டு. முதலில் கலைக்குழு வரும். பறை முழங்கும், பாட்டு, நாடகம். ஊரே மந்தையில் கூடும். இன்று நாம் நடத்துகிற விழிப்புணர்வு நிகழ்ச்சி அங்கேயே முடிந்துவிடுகிறது. அறிவொளி அங்கேதான் தொடங்கியது. மறுநாளிலிருந்து தொண்டர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். அப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் வகுப்பு. களையெடுத்துவிட்டு வந்த கையோடு, தெருவிளக்கு வெளிச்சத்தில், எனக்கு முன்னால் பன்னிரண்டு பெண்கள். மழை வந்தால் கோயில் திண்ணை. ஒரு நாள் நான் போகவில்லை என்றால் மறுநாள், "என்ன தம்பி, நேத்து வரல?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காய்ச்சலோடு போயிருக்கிறேன்.

அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் இயக்கத்தோடு சேர்த்தார். குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது இன்று பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அங்கே பெண்கள் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை தரப்பட்டது. குத்தகை கைக்கு வந்ததும் கணக்கு எழுத வேண்டியிருந்தது, கணக்கு எழுதப் படிப்பு வேண்டியிருந்தது. படிப்பின் அருமையை அதற்கு மேல் யாரும் மேடையேறிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வகுப்பில் இருந்த ஓர் அக்கா, லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி, பாரில் பிள்ளையையும் கேரியரில் தண்ணீர்க் குடத்தையும் வைத்து ஓட்டிக்கொண்டு போன காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அறிவொளியில் கற்றவர்களில் பலர் பிற்பாடு எழுத்தை மறந்தும் போனார்கள். இயக்கம் ஓய்ந்த பிறகு படிக்க எதுவும் கைக்கு வராத ஊர்களில் அது நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, இன்றைக்கு நாம் என்ன செய்யலாம்? உலக தினங்களை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நம் பிள்ளைகளுக்கு வங்கதேசமும் மலாவியும் ஹைட்டியும் தெரிய வேண்டும். நம் ஊர்க் குழாயைப் பேசும்போது உலகம் காணாமல் போகும் என்றும் நினைக்க வேண்டாம். உலகத்தில் 210 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2025-ல் சொன்னார்கள். உங்கள் ஃபிளெக்ஸில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவீர்கள். "பாதுகாப்பான" என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலைக் கொஞ்சம் பாருங்கள். தண்ணீர் வீட்டிலேயே கிடைக்க வேண்டும், வேண்டும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமியும் ஆபத்தான ரசாயனமும் கலக்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கேள்வியாக மாற்றி உங்கள் தத்துக் கிராமத்தில் ஒரு தெருவுக்குக் கொண்டுபோங்கள். 210 கோடி என்ற எண்ணின் பின்னாலும் இப்படி வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்விகளும் இருக்கின்றன. அதை மாணவன் ஒருமுறை தன் காலால் நடந்து தெரிந்துகொண்டால், மலாவியின் எண்ணைப் பார்க்கும்போதும் அவனுக்கு ஒரு வாசல் தெரியும்.

மேடையில் யார் உட்காருவது என்பதையும் யோசியுங்கள். அக்டோபர் 17 எப்படி வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1987-ல் அதே தேதியில் பாரீஸின் த்ரோகாதெரோ சதுக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். கூட்டியவர் ஜோசப் ரெசின்ஸ்கி என்ற பாதிரியார். வறுமையிலேயே பிறந்து வளர்ந்தவர். நுவாஸி-லெ-கிரான் என்ற இடத்தில் வீடற்றவர்களின் முகாமுக்கு வந்தவர், அங்கே நடந்துகொண்டிருந்த சூப் விநியோகத்தை நிறுத்திவிட்டு நூலகமும் குழந்தைகள் பள்ளியும் தொடங்கினார். வறுமையைப் பற்றி ஏழைகள் பேச, மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஐ.நா. சபை 1992-ல்தான் அந்தத் தேதியை ஏற்றுக்கொண்டது. அந்த நாளில் நம் அரங்கத்தில் யார் பேசுகிறார், யார் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறார்?

தண்ணீர் தினத்துக்கு உங்கள் ஊரின் டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் திறக்கிறார், எந்த வால்வு பழுது, மின்சாரம் இல்லாத நாளில் என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்தச் சிறப்பு விருந்தினருக்கும் தெரியாது. பொன்னாடையை அவருக்குப் போர்த்துங்கள். அவர் பேசத் தயங்கினால் மாணவர்கள் கேள்வி கேட்கட்டும்.

இன்னொரு வசதி நம் மாநிலத்தில் இருக்கிறது, பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். முன்பு வருடத்துக்கு நான்கு நாள் கிராம சபை. 2022-ல் அதோடு இரண்டு நாள் சேர்த்தார்கள். அதில் ஒன்று மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அன்று நாம் கல்லூரி வளாகத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம். அதே நேரத்தில் சில கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரைப் பற்றித் தீர்மானம் போட அதிகாரமுள்ள சபை, ஆள் சேராமல் உட்கார்ந்திருக்கிறது! நிகழ்ச்சியை அங்கே கொண்டுபோய்விடுங்கள். மாணவர்கள் தெருவில் கேட்டு வந்த பதில்களை ஊரார் அனுமதியோடு சபையில் வாசிக்கட்டும். ஊர் மக்கள் தீர்மானம் கொண்டுவரட்டும். அது ஏட்டில் ஏறும். உங்கள் கோப்புக்கும் அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு தொண்டருக்கும் சேவைக்கென்று வருடத்துக்கு 120 மணி நேரம் இருக்கிறது. ஏழு நாள் சிறப்பு முகாம் இருக்கிறது. பத்துத் தினங்களை மேலோட்டமாக நடத்துவதற்குப் பதில் இரண்டை எடுத்துக்கொண்டு, மீதி நேரத்தைத் திரும்பிப் போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர்களுக்கும் இதையே வேண்டுகோளாக வைக்கிறேன். அறிக்கைப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: "ஒரு மாதம் கழித்துப் போனபோது என்ன இருந்தது?" அந்த வரி வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நகரும் என்று நம்புகிறேன். நல்ல பதில்தான் எழுத வேண்டும் என்று மட்டும் யாரையும் நெருக்காதீர்கள். "ஒன்றும் மாறவில்லை" என்று நேர்மையாக எழுதிய கல்லூரியைத் திட்டினால், அடுத்த வருடம் எல்லாரும் மாறிவிட்டது என்றே எழுதுவார்கள்.

அக்டோபர் 15 வரப்போகிறது. நீங்கள் ஏதாவது ஒரு பள்ளிக்குப் போவீர்கள். பேசினையும் மக்கையும் வேனிலேயே வைத்துவிட்டு, முதலில் பள்ளிக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் அந்தக் குழாயடியிலேயே சொல்லிக்கொடுங்கள். வரவில்லை என்றால் அன்றைய நிகழ்ச்சியே அந்தக் குழாய்தான். கூடவே ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போங்கள். கிளம்பும்போது பிள்ளைகளிடம் நவம்பர் 15-ஆம் தேதி வருவோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தேதியை வகுப்புக் கரும்பலகையில் ஓரமாக எழுதச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையும் அதை அழிக்க விடாது.

வேனில் ஓர் இடம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
பழைய பி.ஓ. ஒருவன்